ஏரி பச்சை பெயின்ட் மாதிரி ஆகிவிட்டது, துருசு போடலாமா?

கேள்வி: நான் சத்தியவேடு பக்கம். ஏரிக்கு மேல்கையில், வரத்துக் காவா ஓரமாக நெல் வைத்திருக்கிறேன். கோழி எருவும் அங்கேயே கொட்டி வைத்திருக்கிறேன். போன மழைக்கு அப்புறம் ஏரித் தண்ணீர் பச்சை பெயின்ட் கொட்டின மாதிரி இருக்கிறது. விடியற்காலையில் கெண்டையும் ஜிலேபியும் மேலே வந்து வாயைத் திறந்து திணறுகின்றன. சிலது செத்து மிதக்கிறது. துருசு (மயில்துத்தம்) கரைத்து ஊற்றச் சொல்கிறார்கள் சிலர், சுண்ணாம்பு என்கிறார்கள் சிலர், வெல்லக் கரைசல் என்கிறார்கள் சிலர். நீலப்பச்சைப் பாசியை நெல்லுக்கு உரமாகவே கொடுக்கிறார்களே, அப்போ இது நல்லதுதானே? மாடு குடிக்கலாமா?

பதில்: முதலில் மாட்டைப் பார்ப்போம். பச்சை ஏடு கட்டிய தண்ணீரை மாடு, ஆடு, நாய் எதுவும் குடிக்க வேண்டாம். காற்று ஏட்டைத் தள்ளிக்கொண்டு போய் ஒதுக்குகிற கரைதான் ரொம்ப ஆபத்து. இந்தப் பாசியின் நஞ்சு ஈரலைத் தாக்கும், காய்ச்சினாலும் போகாது. ஏற்கெனவே குடித்த மாடு தீனி எடுக்காமல் சோர்ந்து நின்றாலோ, கண் மஞ்சள் தட்டினாலோ, நிழலில் கட்டிவிட்டு உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். மாற்று மருந்து என்று தனியாக எதுவும் இல்லை. செத்த மீனைக் கோழிக்கும் போடாதீர்கள், ஆழமாகப் புதைத்துவிடுங்கள்.

அது எந்தப் பாசி என்று நீங்களே பார்க்கலாம். ஒரு குச்சியைத் தண்ணீருக்குள் விட்டு எடுங்கள். நூல் நூலாகத் தொங்கினால் சாதாரணப் பச்சைப் பாசி. பெயின்ட் மாதிரி குச்சியில் அப்பிக்கொண்டால் நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம். கண்ணாடி பாட்டிலில் மொண்டு ஓர் இரவு ஆடாமல் வையுங்கள். காலையில் பச்சை மேலே ஏடாகத் திரண்டிருந்தால் சந்தேகம் பலப்படுகிறது. வெறும் கையை விடாதீர்கள், அரிக்கும்.

உரமாகக் கொடுப்பதும் இதே குடும்பம்தான், ஆனால் ஆள் வேறு. அனபீனா, நாஸ்டாக் வகைகள் காற்றிலுள்ள தழைச்சத்தை (நைட்ரஜனை) பிடித்துக் கழனிக்குக் கொடுப்பவை. ஏரியில் இப்படித் திரள்வது பெரும்பாலும் மைக்ரோசிஸ்டிஸ். அதற்குக் காற்றிலிருந்து தழைச்சத்து எடுக்கத் தெரியாது. நாம் போட்ட யூரியாவும் எருவும் கரைந்து வருவதைத்தான் தின்கிறது. உடம்புக்குள் காற்றுப் பை இருப்பதால் மேலே மிதந்து வெயிலைப் பிடித்துக்கொள்ளும். கீழே இருக்கும் நல்ல பாசிகளுக்கு வெளிச்சம் கிடைக்காது.

மீன் விடியலில் திணறுவதற்குக் காரணம் இதுதான்: பகலில் பாசி பிராணவாயு விடுகிறது, இரவில் அதுவும் மூச்சு வாங்குகிறது. செத்த பாசியைத் தின்னும் பாக்டீரியாக்களும் சேர்ந்து உறிஞ்சுவதால், பொழுது விடியும் நேரத்தில் தண்ணீரில் பிராணவாயு மிகக் குறைந்து நிற்கிறது.

இந்த நிலையில் துருசு போட்டால் பாசி ஒட்டுமொத்தமாக வெடித்துச் சாகும். உள்ளே இருந்த நஞ்சு முழுவதும் தண்ணீரில் இறங்கும், அழுகல் மிச்சப் பிராணவாயுவையும் தின்றுவிடும், மிச்ச மீனும் போகும். துருசில் உள்ள தாமிரம் சேற்றில் தங்கிவிடும். சுண்ணாம்பும் வேண்டாம். பாசி கட்டிய தண்ணீர் பகலில் ஏற்கெனவே காரமாகத்தான் இருக்கும். இன்னும் காரம் ஏறினால் யூரியாவிலிருந்து வந்த அமோனியா மீனுக்கு விஷமாகிவிடும். வெல்லக் கரைசல் இயற்கையானதாக இருக்கலாம்; மூச்சுக்கு ஏங்கும் தண்ணீரில் சர்க்கரை கொட்டினால் பாக்டீரியா பெருகி ஏக்கம்தான் கூடும்.

பாசிக்குத் தீனி எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். முக்கியமானது மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ். 1973இல் கனடாவில் டேவிட் ஷிண்ட்லர் என்ற ஆய்வாளர் ஒரு ஏரியை நடுவே திரை கட்டிப் பிரித்தார். இரண்டு பக்கமும் தழைச்சத்தும் கரிமமும் போட்டு, ஒரு பக்கம் மட்டும் மணிச்சத்தும் சேர்த்தார். அந்தப் பக்கம்தான் பச்சை கட்டியது. நம் கணக்கையும் போடுவோம். 50 கிலோ டி.ஏ.பி. உர மூட்டையில் உள்ள பாஸ்பரஸ் சுமார் 10 கிலோ. அதில் பத்தில் ஒரு பங்கு ஓடினாலும், ஒரு கோடி லிட்டர் தண்ணீரில் லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் ஏறும். ஏரி பச்சை கட்ட அது தாராளம்.

கரைக்குக் கீழே ஏரித் தண்ணீரில் பயிர் வைக்கும் ஆயக்கட்டுக்காரர்களின் வடிகால் உங்கள் ஏரிக்கு வராது, அடுத்த ஊர் ஏரிக்குப் போகும். உங்கள் ஏரிக்கு வருவது மேல்கைக் கழனிகளின் வடிகால், உங்களுடையதும் சேர்த்து. இப்படியே ஏரி ஏரியாக இறங்கி ஆரணியாறு, காளங்கி வழியாகப் பழவேற்காடு வரை போகிறது. அதனால் காவா ஓரத்து ஆட்கள் நாலு பேராவது சேர்ந்து செய்தால்தான் பலன்.

டி.ஏ.பி.யைக் கடைசி உழவில் சேற்றோடு கலந்துவிடுங்கள், நின்ற தண்ணீர்மேல் வீசாதீர்கள். உரம் போட்ட பின் ஒரு வாரம் கழனியின் வடிகால் வாயைத் திறக்காதீர்கள். அதற்குள் மணிச்சத்தில் பெரும்பகுதி மண்ணோடு பிடித்துக்கொள்ளும். வானம் கறுத்திருக்கும்போது மேலுரம் வேண்டாம். அந்தக் கோழி எருக் குவியலை இந்த வாரமே எடுத்து மேட்டில் வைத்து, மேலே தார்ப்பாய் போடுங்கள். மாட்டெருவைவிட அதில் மணிச்சத்து அதிகம். வரத்துக் காவாயின் இரண்டு பக்கமும் கோரையும் புல்லும் வளர்ந்தால் செதுக்காமல் விடுங்கள், வண்டலை அது பிடிக்கும்.

இந்தத் தண்ணீரை நெல்லுக்குப் பாய்ச்சியே ஆக வேண்டுமென்றால், ஏடு ஒதுங்காத மதகு வழியாக எடுங்கள். கீரை, காய்கறிக்கு வேண்டாம். மருந்து கலந்து தெளிக்கவும் இதை மொள்ளாதீர்கள்.

இதையெல்லாம் செய்தாலும் அடுத்த வருஷமே தெளிந்துவிடாது. அடிச்சேற்றில் இரும்போடு பிணைந்து கிடக்கும் மணிச்சத்து, கீழே பிராணவாயு தீர்ந்ததும் மறுபடி கரைந்து மேலே வரும். சேறு கறுத்து முட்டை அழுகின நாற்றம் வந்தால் அந்த நிலைமைதான். ஏரி வற்றும் கோடையில் அதிகாரிகளிடம் அனுமதி வாங்கி அந்த வண்டலை எடுத்துக் கழனிக்கு அடியுங்கள். அடித்த பிறகு மண்ணைப் பரிசோதிக்க உங்கள் ஊர் ரைது சேவா கேந்திரத்தில் (ஆந்திர அரசின் உழவர் சேவை மையம்) கேளுங்கள். முடிவு வரும்வரை டி.ஏ.பி. மூட்டை வாங்க வேண்டாம்.