நூற்றைம்பதோடு நின்றுவிடும் வேலைப் பட்டியல்

கேள்வி: நான் தொண்டியைச் சேர்ந்தவன், கீழக்கரையில் கணினி அறிவியல் படித்தேன். காரைக்கால்காரரான என் மச்சான் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றவர். பாரிஸை ஒட்டிய லா கூர்நேவில் சமையல் வேலை பார்த்துக்கொண்டே வேறு வேலை தேடுகிறார். அந்நாட்டு அரசு வேலைவாய்ப்புச் சேவையின் அறிவிப்புகளை ‘ஏபிஐ ஆஃப்ர் ஆம்ப்ளுவா’ என்ற பைத்தான் மொழி நூலகத்தின் (ஆயத்த நிரல்தொகுப்பின்) வழியாக எடுத்துத் தினமும் அவருக்கு அனுப்புகிறேன். ஆனால் 150 அறிவிப்புகளுக்கு மேல் வருவதில்லை. லா கூர்நேவ் என்று கேட்டால் அக்கம்பக்கத்து ஊர்களும் சேர்ந்து வருகின்றன. சில அறிவிப்புகள் விடுபட்டும் போகின்றன. பிழை எங்கே இருக்கிறது?

பதில்: இந்த நூலகம் செய்வது இரண்டே வேலைகள்தான்: உங்கள் பெயரில் டோக்கன் என்னும் தற்காலிக அனுமதிச் சீட்டை வாங்குகிறது, பிறகு உங்கள் கேள்வியைச் சேவைக்கு அனுப்பி விடையைக் கொண்டுவருகிறது. எதைக் கேட்கலாம், ஒரு தடவையில் எவ்வளவு கேட்கலாம் என்பதெல்லாம் சேவையின் விதிகள். ஆகவே நீங்கள் சொல்லும் மூன்று சிக்கல்களையும் உங்கள் நிரலில்தான் சரிசெய்தாக வேண்டும்.

முதலில் நூலகம் தொடர்புகொள்ளும் இணைய முகவரியைப் பாருங்கள். ‘போல் ஆம்ப்ளுவா’ என்று இருந்த அந்தச் சேவை 2024 ஜனவரி 1 முதல் ‘பிரான்ஸ் திராவாய்’ ஆகிவிட்டது. நூலகம் பழைய பெயர் இருந்த காலத்தில் எழுதப்பட்டது. உங்களிடம் உள்ள பதிப்பில் பழைய முகவரிகள் இருந்தால், டோக்கன் வாங்கும் முகவரி, தரவு கேட்கும் முகவரி ஆகிய இரண்டையும் புதியதாக மாற்றிக்கொள்ளுங்கள். டோக்கன் என்றால் என்னவென்று ராமேஸ்வரத்து விசைப்படகுக்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை. கடலுக்குப் போகுமுன் மீன்வளத்துறையிடம் அவர்கள் வாங்கும் சீட்டைப் போன்றதே இதுவும். இதன் ஆயுள் 1499 விநாடிகள், அதாவது 25 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. நிரல் நெடுநேரம் ஓடினால் புதிதாக வாங்கியாக வேண்டும்.

இப்போது 150. ஒரு கேள்விக்கு அதிகபட்சம் 150 அறிவிப்புகள்தான் என்பது சேவையின் வரம்பு. எதையும் குறிப்பிடாமல் கேட்டால் 0 முதல் 149 வரையிலான வரிசை எண்கள் வரும். அடுத்த தொகுதிக்கு ‘ரேஞ்ச்’ அளவுருவில் (கேள்வியோடு சேர்த்து அனுப்பும் மதிப்பில்) 150-299 என்று கேட்க வேண்டும். மொத்தம் எத்தனை உள்ளன என்பது விடையோடு வரும் ‘கன்டென்ட் ரேஞ்ச்’ என்ற தலைப்பு வரியில் இருக்கிறது. நூலகம் அதையும் விடையோடு சேர்த்தே தருகிறது. தொகுதி தொகுதியாகக் கேட்கும் சுற்றை எங்கே நிறுத்துவது என்பதை அந்த எண்ணைப் பார்த்தே முடிவுசெய்யுங்கள். தொடக்க எண் 3000-ஐத் தாண்டக் கூடாது என்பது இரண்டாவது வரம்பு. எனவே ஒரே தேடலில் 3150-க்கு மேல் எடுக்க முடியாது. பாரிஸ் வட்டாரம் முழுவதையும் எல்லாத் தொழில்களுக்கும் கேட்டால் இந்தச் சுவரில் முட்டுவீர்கள். அப்போது, அறிவிப்பு உருவான தேதியைக் கொண்டு தேடலை நாள்வாரியாகவோ மணிவாரியாகவோ துண்டுபோட்டு, ஒவ்வொரு துண்டின் மொத்தமும் வரம்புக்குள் அடங்குகிறதா என்று பார்த்த பிறகே எடுக்கத் தொடங்குவதுதான் சரியான வழி.

விடுபடுதலுக்கும் மருந்து இதே தேதிதான். நீங்கள் முதல் தொகுதியை எடுத்து இரண்டாவதைக் கேட்பதற்குள் பட்டியல் மாறிவிடலாம்: புதிய அறிவிப்பு ஒன்று இடையில் நுழைந்தால் முன்பு கண்டதே மறுபடி வரும், பழைய ஒன்று நீக்கப்பட்டால் கீழே இருந்தது மேலேறி, உங்கள் கண்ணில் படாமலே போய்விடும். கடைசித் தேதியை ஒரு கணத்தில் நிலைநிறுத்திவிட்டால் புதியவை நுழையமாட்டா. நீக்கப்படுவதைத் தடுக்க முடியாது என்பதால், தொகுதிகளைச் சில எண்கள் ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு எடுத்து, அறிவிப்பு எண்ணைக் கொண்டு இரட்டிப்பை நீக்குங்கள். தொடக்கத் தேதி, முடிவுத் தேதி இரண்டையும் சேர்த்தே கொடுக்க வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

உங்கள் நிலைமைக்கே உரிய ஒரு கண்ணி இங்கே இருக்கிறது. இந்தத் தேதிகள் இறுதியில் ‘இசட்’ எழுத்துடன் எழுதப்படுகின்றன. அது உலகப் பொது நேரத்தைக் குறிப்பது. தொண்டியில் உங்கள் கணினி காட்டும் நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடுவது. அதை அப்படியே எழுதி ‘இசட்’ ஒட்டினால், காலை ஆறு மணிக்கு நீங்கள் கேட்கும் ‘நேற்றுக் காலை ஆறு முதல்’ என்பது சேவைக்கு, நம் நேரப்படி, நேற்று முற்பகல் பதினொன்றரையிலிருந்து என்று ஆகிவிடும். நேரத்தை உலகப் பொது நேரத்துக்கு மாற்றிய பிறகே எழுதுங்கள். தேதிக் கணக்கே வேண்டாம் என்றால், வெளியாகி எத்தனை நாளாயிற்று என்று கேட்கும் அளவுரு ஒன்று உண்டு. அது 1, 3, 7, 14, 31 ஆகிய மதிப்புகளை மட்டுமே ஏற்கும். தினசரிப் பட்டியலுக்கு 3 கொடுத்து, முன்பே அனுப்பியவற்றைக் கழித்துவிடுவதையே நான் விரும்புவேன்.

அக்கம்பக்கத்து ஊர்கள் வருவதற்குக் காரணம், ஊரைக் குறிப்பிட்டால் அதைச் சுற்றிப் பத்து கிலோமீட்டர் என்று சேவை தானாக எடுத்துக்கொள்வதுதான். ‘டிஸ்டன்ஸ்’ அளவுருவுக்கு 0 கொடுத்தால் அந்த ஊர் மட்டும் வரும். ஊருக்குக் கொடுக்க வேண்டியது அஞ்சல் குறியீடு அன்று, அந்நாட்டுப் புள்ளியியல் நிறுவனத்தின் குறியீடு. லா கூர்நேவின் அஞ்சல் எண் 93120, ஆனால் இங்கே 93027 என்றே எழுத வேண்டும். ஆயினும் சமையல்காரர் ஒருவர் பத்து கிலோமீட்டரை ரயிலில் கடந்துவிடுவார். மச்சானிடம் கேட்டுவிட்டுச் சுருக்குங்கள். தொழிலைச் சொல்லால் தேடுவதைவிட, அந்நாட்டுத் தொழில் பட்டியலான ‘ரோம்’ தரும் குறியீட்டால் தேடுவது துல்லியமானது: சமையலறைப் பணியாளருக்கு ஜி 1602, உணவகப் பலபணியாளருக்கு ஜி 1603.

எதுவும் கிடைக்காதபோது சேவை 204 என்ற குறியீட்டுடன் வெற்று விடை அனுப்பும். அதை வழக்கமான விடைபோல ‘ஜேசன்’ என்ற தரவு வடிவமாகப் படிக்க முயன்றால் நிரல் விழுந்துவிடும். டோக்கன் வாங்கப் பயன்படும் உங்கள் ரகசியச் சாவியை நிரலுக்குள் எழுதி, நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் ஏற்றாதீர்கள். இந்தப் பட்டியலை ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் ‘வெளிநாட்டு வேலை’ என்று பகிரவும் வேண்டாம்: இவை அந்நாட்டில் வேலை செய்யும் உரிமை உள்ளவர்களுக்கே பயன்படும்; இதைக் காட்டி யாராவது இங்கே பணம் வசூலிக்க நீங்கள் வழிவிட்டதாக ஆகிவிடக் கூடாது.