பல்கலைக்கழகங்கள் வெளி அமைப்புகளோடு சேர்ந்து அமைதிக்கும் நீதிக்கும் என்ன செய்ய முடியும்?

கேள்வி கேட்டவர் தன் கல்லூரியில் 'அமைதி, நீதி மையம்' ஒன்று தொடங்கப் போகிறாராம். எந்தெந்த அமைப்புகளோடு ஒப்பந்தம் போடலாம் என்று கேட்டிருக்கிறார்.

ஒப்பந்தத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்பேன். நான் ஒரு சட்டக் கல்லூரியில் பாடம் எடுப்பவன். கல்லூரிகளுக்குத் தரச்சான்று கொடுக்கும் நாக் (NAAC) குழு வருவதற்கு முன்னால் அவசர அவசரமாகக் கையெழுத்தாகும் புரிந்துணர்வு ஒப்பந்தங்களை நிறையப் பார்த்தாகிவிட்டது. பேனர், பொன்னாடை, குரூப் போட்டோ, சமோசா. அடுத்த நாக் குழு வரும் வரை அந்த ஃபைலை யாரும் திறக்க மாட்டார்கள்.

உருப்படியாக நடந்த கூட்டு வேலைகளைக் கவனித்தால் ஒன்று தெரிகிறது. கேள்வி எப்போதும் வெளியே இருப்பவர்களிடமிருந்து வந்திருக்கிறது. அதற்குப் பதில் தேட வேண்டிய படிப்பு பல்கலைக்கழகத்தில் இருந்திருக்கிறது. எனக்குத் தெரிந்து இதற்கு அர்ஜென்டினாவை விடச் சிறந்த உதாரணம் இல்லை.

1976 முதல் 1983 வரை அங்கே ராணுவ ஆட்சி. அரசை எதிர்த்தவர்கள் என்று சந்தேகப்பட்டவர்களைத் தூக்கிக்கொண்டு போய்க் காணாமல் ஆக்கினார்கள். மனித உரிமை அமைப்புகள் சொல்லும் கணக்கு 30,000 பேர். பிடிபட்ட பெண்களில் கர்ப்பிணிகளும் இருந்தார்கள். பிரசவம் ஆகும் வரை உயிரோடு வைத்திருந்து, பிறகு தாயைக் கொன்றுவிட்டு, குழந்தையை ராணுவக் குடும்பங்களுக்கும் அவர்களுக்கு வேண்டப்பட்டவர்களுக்கும் கொடுத்துவிட்டார்கள். இப்படிப் பறிபோன குழந்தைகள் சுமார் 500 பேர் என்று அந்தக் குழந்தைகளின் பாட்டிமார் சொல்கிறார்கள். 1977இல் அந்தப் பாட்டிமார் சேர்ந்து ஆரம்பித்ததுதான் 'பிளாசா டி மாயோ பாட்டிகள்' அமைப்பு.

அவர்களுக்கு ஒரு சிக்கல். சந்தேகப்படும்படியான ஒரு குழந்தையைக் கண்டுபிடித்தாலும், அது தங்கள் பேரப்பிள்ளைதான் என்று கோர்ட்டில் எப்படி நிரூபிப்பது? தகப்பன் யார் என்பதை ரத்தப் பரிசோதனையில் காட்டலாம் என்று செய்தித்தாளில் படித்திருந்தார்கள். ஆனால் இங்கே அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. நடுவில் ஒரு தலைமுறையே காணோம். தாத்தா பாட்டியின் ரத்தத்தை மட்டும் வைத்து உறவைச் சொல்ல முடியுமா? இந்த ஒரு கேள்வியைத் தூக்கிக்கொண்டு நாடு நாடாக அலைந்தார்கள். 1982இல் நியூயார்க்கில், நாடுவிட்டு வெளியேறியிருந்த அர்ஜென்டினா மரபியல் மருத்துவர் விக்டர் பென்சசாதேயைச் சந்தித்தார்கள். ராணுவ ஆட்சி விழுந்த பிறகு, 1984இல், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் இருந்த மரபியலாளர் மேரி கிளேர் கிங் இதில் இறங்கினார். ரத்தத்தில் உள்ள மரபுக் குறிகளை வைத்துத் தாத்தா பாட்டி உறவைக் கணக்கிட ஒரு புள்ளியியல் முறை உருவானது. அந்த ஆண்டு டிசம்பரிலேயே ஒரு சிறுமியின் அடையாளத்தை அதை வைத்து கோர்ட்டில் நிலைநாட்டிப் பாட்டியிடம் சேர்த்தார்கள். 1987இல் இதற்காகவே தேசிய மரபணுத் தரவு வங்கியைச் சட்டம் போட்டுத் தொடங்கினார்கள். 2025 வரை 140 பேரப்பிள்ளைகள் கிடைத்திருக்கிறார்கள். அமைப்பின் தலைவி எஸ்தேலா டி கார்லோட்டோவுக்குத் தன் பேரன் கிடைத்தது 2014இல்தான். அவன் வயிற்றில் இருந்தபோது காணாமல் போன அம்மா அவருடைய மகள்.

அதே 1984இல் இன்னொரு கதையும் நடந்தது. பெயர் தெரியாமல் புதைத்த கல்லறைகளை புல்டோசர் வைத்துத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். எலும்புகள் உடைந்தன, ஒருவருடையது இன்னொருவருடையதோடு கலந்தது. எலும்பை வைத்து ஆளை அடையாளம் காணும் அமெரிக்கத் தடயவியல் மானுடவியலாளர் கிளைட் ஸ்னோ வந்து பார்த்துவிட்டு, தொல்லியல் முறையில் மண்ணைச் சுரண்டிச் சுரண்டி எடுக்க வேண்டும் என்றார். சரி, யார் எடுப்பது? ராணுவம் முகாமுக்குத் திரும்பி ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. பயம் போகவில்லை. கடைசியில் வந்து நின்றவர்கள் மானுடவியல், தொல்லியல், மருத்துவம் படித்துக்கொண்டிருந்த மாணவர்கள். அவர்கள்தான் பின்னாளில் அர்ஜென்டினாத் தடயவியல் மானுடவியல் குழு ஆனார்கள். 1985இல் ராணுவத் தலைவர்கள் மீதான வழக்கில் ஸ்னோ சாட்சி சொன்னபோது ஓர் இளம்பெண்ணின் இடுப்பெலும்பைப் படமாகக் காட்டினார். அவள் கொல்லப்படுவதற்கு முன் குழந்தை பெற்றிருக்கிறாள் என்பது அந்த எலும்பில் தெரிந்தது. அந்த மாணவர்கள் பிறகு குவாத்தமாலா உட்படப் பல நாடுகளுக்குப் போய் மற்றவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். இதில் எந்தத் துணைவேந்தரும் யாரோடும் கைகுலுக்குகிற படத்தை நான் பார்த்ததில்லை.

நம் நாட்டுக்கு வருவோம். டெல்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழகம், மரண தண்டனைக் கைதிகள் யார், எங்கிருந்து வருகிறார்கள் என்று ஓர் ஆய்வு செய்து 2016இல் வெளியிட்டது. ஏழைகளுக்கு இலவசச் சட்ட உதவி தரும் அரசு அமைப்பான தேசிய சட்டப்பணிகள் ஆணைக்குழுவோடு சேர்ந்து செய்த வேலை. ஆணைக்குழுவின் துணை இல்லாமல் ஒரு கல்லூரிப் பையன் சிறை வாசலில் போய் நின்றால் வார்டன் சிரித்து அனுப்பிவிடுவார். அப்போது தண்டனையில் இருந்த 385 பேரில் 373 பேர் ஆய்வுக்குள் வந்தார்கள். நான்கில் மூன்று பங்குக்குச் சற்றுக் குறைவானவர்கள், அதாவது 74.1 விழுக்காடு, பொருளாதாரத்தில் நலிந்தவர்கள் என்று தெரிந்தது. அதுவரை எல்லோருக்கும் 'தெரிந்த' விஷயம்தான், ஆனால் கையில் எண் இருக்கவில்லை.

அந்த ஆய்வோடு அவர்கள் நிறுத்திக்கொள்ளவில்லை. 'புராஜெக்ட் 39ஏ' என்ற பெயரில் வழக்குகளையும் எடுத்தார்கள். அதில் ஒரு வழக்கு 1994இல் புனேயில் நடந்த கொலைகள் பற்றியது. தூக்குத் தண்டனை பெற்றவர் ராஜஸ்தான் கிராமத்துக்காரர். அவர் படித்த பள்ளியின் பதிவேட்டைத் தேடி எடுத்துக் காட்டியதில், சம்பவம் நடந்தபோது அவருக்குப் பன்னிரண்டரை வயதுதான் என்று உச்ச நீதிமன்றம் 2023 மார்ச்சில் ஏற்றுக்கொண்டு விடுதலை செய்தது. அதற்குள் 28 ஆண்டுக்கு மேல் சிறையில் போய்விட்டது. ஒரு பள்ளிப் பதிவேடு! இத்தனை வருடம் வக்கீல்கள், நீதிபதிகள் என்று எத்தனை பேர் கையில் அந்த வழக்குக் கட்டு போய் வந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். உட்கார்ந்து தோண்டுவதற்கு நேரமும் ஆளும் இருப்பதுதான் பல்கலைக்கழகத்தின் பலம் என்று நான் நினைப்பதற்கு இந்த வழக்கும் ஒரு காரணம்.

சின்ன அளவிலும் இதையே பார்க்கிறேன். 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டமே சட்டக் கல்லூரிகளில் சட்ட உதவி மையங்கள் வைக்கச் சொல்கிறது. எங்கள் மாணவர்கள் கிராமத்துக்குப் போய் உட்கார்ந்தால், அரசியலமைப்பு பற்றி யாரும் கேட்பதில்லை. பட்டா பெயர் மாற்றம், நின்றுபோன முதியோர் உதவித்தொகை, குடிகார மகன் அடிக்கிறான். எங்கள் பிள்ளைகள் திருதிருவென்று முழிப்பார்கள். பக்கத்தில் இருக்கும் சட்டம் சார் தன்னார்வலர் அக்கா, "நீ தாலுகா ஆபீஸ்ல அந்த ரெண்டாவது ரூமுக்குப் போ" என்று ஆரம்பித்து முழு வழியையும் சொல்லிவிடுவார். மனு எழுதுவது, மேல்முறையீட்டுக்குச் சட்டப் பிரிவு தேடுவது மட்டும் மாணவர் வேலை. இந்தப் பங்கீடு எனக்குப் பிடித்திருக்கிறது.

வெளியே இருப்பவர்களின் நம்பிக்கையைப் பெறாமல் அறிவியலை மட்டும் கொண்டுபோனால் என்ன ஆகும் என்பதற்கு இலங்கையில் மன்னார் இருக்கிறது. 2018இல் அங்கே ஒரு புதைகுழியில் 300க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் கிடைத்தன. 2019இல் புளோரிடா ஆய்வகம் ஒன்று, ஆறு மாதிரிகளை வைத்து, அவை சுமார் 15 முதல் 17ஆம் நூற்றாண்டு வரையிலான காலத்தவை என்றது. போரில் காணாமல் போனவர்களின் குடும்பங்கள் நம்பவில்லை. முடிவு சரியா தவறா என்பதை நிபுணர்கள் பேசட்டும். எந்த எலும்பை எடுப்பது, எங்கே அனுப்புவது என்று முடிவாகும் இடத்தில் தாய்மாருக்கு இன்னும் அதிக இடம் இருந்திருந்தால் அந்தச் சந்தேகம் இவ்வளவு தூரம் போயிருக்காது என்பது என் கருத்து. 2025இல் யாழ்ப்பாணத்துச் செம்மணியில் 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளியே வந்தபோது, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் தொல்லியல் மாணவர்களும் தோண்டும் வேலையில் இருந்தார்கள். அர்ஜென்டினா மாணவர்கள் குழிக்குள் இறங்கிய வயதுதான் அவர்களுக்கும் இருக்கும்.

சரி, உங்கள் கல்லூரிக்கு. பெரிய மையம், லோகோ எல்லாம் வேண்டாம். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் செயலாளரைப் போய்ப் பாருங்கள், அவர் ஒரு நீதிபதி. விசாரணைக் கைதிகள் பட்டியலில் உதவட்டுமா என்று கேளுங்கள். இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் சுமார் நான்கில் மூன்று பேர் இன்னும் தீர்ப்பே வராதவர்கள். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 479ஆம் பிரிவின்படி, இதற்கு முன் எந்தக் குற்றத்திலும் தண்டனை பெறாதவர், தன் மீதுள்ள குற்றத்துக்கான உச்சபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலம் உள்ளே இருந்துவிட்டால் அவரைப் பிணையில் விட வேண்டும், மற்றவர்களுக்குப் பாதி. ஆயுள், தூக்கு விதிக்கக்கூடிய குற்றங்களுக்கும், ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் இருப்பவர்களுக்கும் இது பொருந்தாது. யாருக்கு எந்தத் தேதியில் அந்தக் காலம் முடிகிறது என்று ஓர் அட்டவணை போட சட்ட மாணவர் ஒருவரும் எக்செல் தெரிந்த பி.காம். மாணவர் ஒருவரும் போதும். அது மாவட்ட நீதிபதி தலைமையிலான விசாரணைக் கைதிகள் மறுஆய்வுக் குழுவின் மேசைக்குப் போக வேண்டும்.

கைதிகளின் பெயரும் வழக்கும் வெளியே கசியக் கூடாது, போட்டோ கூடவே கூடாது. உங்கள் முதல்வருக்கு இது கொஞ்சம் வருத்தமாக இருக்கலாம். அனுமதிக் கடிதம் வர மாதக்கணக்கில் ஆகும், அதனால் ஜூன் மாதமே விண்ணப்பித்துவிடுங்கள். இல்லாவிட்டால் செமஸ்டர் தேர்வு வந்து பிள்ளைகள் போய்விடுவார்கள்.