டயர் ரப்பர் போட்ட கட்டுத்தறித் தளம் மேலே உதிர்கிறதா?

வணக்கங்க. மாடு வழுக்காமல் இருக்க, தளக் கான்கிரீட்டுக்கான 100 கிலோ எம்-சாண்டில் 10 கிலோவை எடுத்துவிட்டு 10 கிலோ டயர்த்தூள் போட்டதாகவும், மேல்பரப்பு உதிர்ந்து கறுப்பாக ரப்பர் தெரிவதாகவும் எழுதியிருக்கீங்க. கோளாறு எடைக்கு எடை மாற்றியதில்தான். தண்ணீரின் அடர்த்தியை 1 என்று வைத்தால், மணலின் அடர்த்தி சுமார் 2.6, ரப்பருக்கு 1.15தான். எடுத்த மணலின் இடத்தை நிரப்ப 4.4 கிலோ ரப்பர் போதும். நீங்கள் இரண்டு மடங்குக்கும் மேல் போட்டுவிட்டீங்க.

கறுப்பாகத் தெரிவது, கான்கிரீட்டை இறுக்க ஓட்டும் அதிர்வியால் (வைப்ரேட்டர்) வந்திருக்கும். அதிக நேரம் ஓட்டினால் லேசான ரப்பர் மேலே மிதந்துவிடும். மட்டப்பலகையால் தட்டி இறுக்கினாலே போதும்.

அடுத்த முறை, நாமக்கல், சங்ககிரிப் பக்கம் ரீட்ரெடிங் பட்டறையில் (தேய்ந்த டயருக்குப் புது ரப்பர் ஒட்டும் இடம்) டயரைச் சுரண்டி வரும் தூளை வாங்குங்க. கம்பி பெரும்பாலும் இருக்காது. 4.75 மி.மீ. சல்லடையில் சலித்து நீளத் துணுக்கை ஒதுக்கிவிடுங்க.

ரப்பர் தண்ணீரை ஒட்டவிடாது, சிமெண்டும் சரியாகப் பிடிக்காது. பிளாஸ்டிக் வாளியில் 10 லிட்டர் தண்ணீருக்கு 400 கிராம் காஸ்டிக் சோடா கரைத்து, தூளை அதில் அரை மணி ஊறவைத்து, வழுவழுப்பு போகும்வரை அலசிக் காயவையுங்க. தண்ணீரில்தான் சோடாவைப் போடணும், சோடாவில் தண்ணீர் ஊற்றவே கூடாது. கையுறை, கண்ணாடி கட்டாயம். கலவை இறுகலாக இருந்தால் தண்ணீர் சேர்க்காதீங்க, கலவையை இளக்கும் மருந்தான பிளாஸ்டிசைசர் விடுங்க.

ரப்பர், மணலின் கன அளவில் 10 சதவீதத்தைத் தாண்டவேண்டாம். வலிமை குறையும் என்பதால் தூண், பீம், கூரைக்கு இந்தக் கலவை வேண்டவே வேண்டாங்க.

இப்போதுள்ள தளத்தில் உதிரும் பகுதியைக் கெட்டி வரும்வரை கொத்தி, கழுவி, ஈரத்தோடு சிமெண்ட் பால் பூசி, 50 மி.மீ. புதுக் கான்கிரீட் போடுங்க. 14 நாள் நனைத்து, 28 நாள் கழித்து மாட்டைக் கட்டுங்க.