தண்ணீருக்குப் பயப்படும் பிள்ளைக்கு நீச்சல்: கேள்வி பதில்

என் மகளுக்கு நாலு வயது. நீச்சல் குளத்தில் இறங்கிவிடுகிறாள். முகத்தில் ஒரு துளி பட்டால் போதும், அலறுகிறாள். என்ன செய்வது?

அவளுக்குத் தண்ணீரைப் பார்த்துப் பயமில்லை. மூக்கில் ஏறினால் சுரீரென்று எரியுமே, அதற்குத்தான் பயப்படுகிறாள் என்று நினைக்கிறேன். இதை வீட்டுக் குளியலறையிலேயே ஆரம்பிக்கலாம். ஒரு கிண்ணம் தண்ணீரில் வாயை வைத்துக் குமிழி விடச் சொல்லுங்கள். அப்புறம் வாயை மூடிக்கொண்டு 'ம்ம்ம்' என்று இழுக்கட்டும். அப்படி இழுக்கும்போது மூச்சு மூக்கு வழியாக வெளியே வந்துகொண்டே இருக்கும், தண்ணீர் உள்ளே ஏறாது. இது பழகியதும் மூக்கு நுனியை நனைக்கட்டும், பிறகு கன்னம், கடைசியாகக் கண். தலையில் ஊற்றும் முன் "ஒண்ணு, ரெண்டு, மூணு" சொல்லிவிட்டு ஊற்றுங்கள். உடனே துண்டை நீட்டாதீர்கள். முகத்தில் வழியும் தண்ணீர் தானாக வடிந்துவிடும் என்பதை அவளே பார்க்கட்டும்.

தூக்கிப் போட்டால் தானே கற்றுக்கொள்வான் என்கிறார் என் மாமனார். சரியா?

வேண்டவே வேண்டாம். அப்படித் தூக்கிப் போடப்பட்ட ஆறு வயதுப் பையன் ஒருவன் என்னிடம் வந்தான். மூன்று வாரம் படியில் உட்கார்ந்து காலை மட்டும் நனைத்தான். முதன்முதலில் இறங்கிய அன்று என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்ததில் நகத் தடம் பதிந்துவிட்டது. "அஞ்சு வரை எண்ணுவேன், உடனே தூக்கிவிடுவேன்" என்று சொன்னேன். ஒரு நாளும் ஆறு எண்ணவில்லை. பிறகு ஒரு நாள், "இன்னிக்குப் பத்து எண்ணுங்க" என்று அவனே கேட்டான். "விடமாட்டேன்" என்று சொல்லிவிட்டுக் கையை எடுக்காதீர்கள். ஒரே ஒரு தடவை ஏமாற்றினாலும் திரும்ப முதலிலிருந்துதான்.

காற்றடைத்த கைப்பட்டை போடலாமா?

எனக்குப் பிடிக்காது. அது பிள்ளையை நட்டுவைத்த மாதிரி நிமிர்த்தியே வைக்கும். நீந்த உடம்பு படுக்க வேண்டும். அது உயிர் காக்கும் சாதனமும் இல்லை, கழன்றுவிடும், காற்று இறங்கிவிடும். பெற்றவருக்கும் வீண் தைரியம் வந்துவிடுகிறது.

மல்லாந்து மிதக்க வைத்தால் மகனுக்குக் கால் கீழே போய்விடுகிறதே?

தலையைத் தூக்குகிறான். தலை மேலே வந்தால் இடுப்பும் காலும் தாழும். அவன் தலையை உங்கள் தோளில் சாய்த்துக்கொள்ளுங்கள், இரண்டு காதும் தண்ணீருக்குள் இருக்கட்டும். காதில் தண்ணீர் போனதும் சத்தம் மாறும், அதில்தான் பல பிள்ளைகள் மிரளுவார்கள், முன்கூட்டியே சொல்லிவையுங்கள். மூச்சை இழுத்து நிறுத்தினால் நுரையீரல் பலூன் மாதிரி நெஞ்சைத் தூக்கும்.

எந்த வயதில் தொடங்கலாம்?

அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம், 1 வயதுக்குப் பிறகு தொடங்கலாம் என்கிறது. பெரும்பாலான பிள்ளைகள் 4 வயதுக்குள் முறையாகக் கற்கத் தயாராகிவிடுவார்கள். ஒரு தடவைக்கு அரை மணி நேரம் போதும். உதடு நீலமாகி நடுங்கினால் உடனே வெளியே எடுத்துவிடுங்கள். குளிரில் நடுங்கும் பிள்ளை எதையும் கற்காது.

இப்போது நன்றாக நீந்துகிறாள், ஐந்து வயது. நான் கரையில் உட்காரலாமா?

இன்னும் வேண்டாம். மூழ்கும் பிள்ளை பெரும்பாலும் கத்தாது, கை ஆட்டாது. சத்தமே இல்லாமல் உள்ளே போய்விடும். கை நீட்டினால் தொடும் தூரத்தில், தண்ணீருக்குள்ளேயே நில்லுங்கள். போன் பைக்குள் இருக்கட்டும்.