நாலு அமர்வு போயும் மாற்றமில்லை: கவுன்சலரை மாற்றலாமா?

இப்போதே மாற்ற வேண்டாம். விவாகரத்தும் பதவி உயர்வும் ஒரே வருஷத்தில், நாலு அமர்வு போயும் மனசு அப்படியே இருக்கிறது என்று நீங்கள் இங்கே எழுதியதை அவரிடமே சொல்லுங்கள். அதைக் கேட்டுப் போக்கை மாற்றுவது அவர் வேலை.

அமர்வுக்குக் குறிப்பு எழுதிக்கொண்டு போய், "சமாளிச்சிட்டேன்" என்று முடிப்பதாகச் சொல்கிறீர்கள். எனக்கு அங்கேதான் சந்தேகம். ஆபீஸ் ரிவ்யூ மாதிரி அங்கேயும் நல்ல பெயர் வாங்கப் பார்க்கிறீர்களோ? எவ்வளவு சாதித்தாலும் 'தகுதியில்லாமல் வந்துவிட்டோம், ஒருநாள் தெரிந்துவிடும்' என்று பயப்படும் பெண்களைப் பற்றி உளவியலாளர்கள் பாலின் கிளான்ஸும் சுசான் ஐம்ஸும் 1978லேயே எழுதியிருக்கிறார்கள்.

அடுத்த தடவை குறிப்பில்லாமல் போங்கள். பதவி உயர்வு வந்த ராத்திரி யாருக்குப் போன் பண்ணுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தீர்களே, அதிலிருந்து தொடங்குங்கள். அப்போதும் "மறுபடி கல்யாணம் பண்ணிக்கோங்க" என்ற மாதிரி அறிவுரைதான் அவரிடமிருந்து வருகிறது என்றால் தாராளமாக மாற்றுங்கள். புதியவர் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு உண்டா என்று கேளுங்கள்.

ஒன்று மட்டும்: தூக்கமோ சாப்பாடோ இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டிருந்தால் மனநல மருத்துவரையும் பாருங்கள். உயிரை விடத் தோன்றினால் அமர்வுவரை காத்திருக்காமல் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416க்கு உடனே கூப்பிடுங்கள். இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.