சுவரைத் தயார் செய்யும் கூலி எங்கே போகிறது?

கேள்வி: டர்பன், சாட்ஸ்வர்த்தில் இருந்து எழுதுகிறேன். என் வீட்டுக்காரர் ஒரு கான்ட்ராக்டரிடம் நாளுக்கு 700 ரேண்ட் சம்பளத்தில் பெயிண்டராக இருந்தார். இரண்டு வருஷமாகச் சொந்தமாக வேலை எடுத்துச் செய்கிறார். கையாட்கள் இரண்டு பேர், ஆளுக்கு நாளுக்கு 400. வேலைக்குக் குறைவில்லை, ஆனால் மாதக் கடைசியில் கையில் எதுவும் நிற்பதில்லை. கடைசியாக ஒரு வீட்டின் வெளிச்சுவரும் மதிலும், 200 சதுர மீட்டர், 28,000 ரேண்டுக்குப் பேசினார். 7 நாள் என்று நினைத்தது 13 நாள் இழுத்தது. பெயிண்ட், ரோலர் எல்லாம் 9,400. நடுவில் ஓடிப்போய் வாங்கிய பிரைமர், பட்டி, விரிசல் வலை 2,900. சாமான் ஏற்றிப்போகப் பக்கத்து வீட்டாரின் பக்கி வண்டிக்கு (சின்னச் சரக்கு வண்டி) ஓட்டுநர், பெட்ரோல் உள்பட நாளுக்கு 250. சொந்தமாக ஒரு பழைய பக்கி வாங்கிவிட்டால் காசு மிஞ்சும் என்கிறார். வீட்டுக் கடன் கணக்கில் 1,80,000 ரேண்ட் வரை திரும்ப எடுத்துக்கொள்ளலாம். கடன் முடிய இன்னும் 17 வருஷம் இருக்கிறது. எடுக்கலாமா? இன்னொன்று: பீனிக்ஸில் போன வருஷம் முடித்த வீட்டில், குளியலறைக்குப் பின்பக்கச் சுவரில் பெயிண்ட் கொப்பளித்துவிட்டது என்று 6,000 ரேண்டைக் கொடுக்காமல் வைத்திருக்கிறார்கள். அதை விட்டுவிட வேண்டியதுதானா?

பதில்: சகோதரி, நீங்கள் கணக்கை இவ்வளவு விவரமாக எழுதியதே பாதி வேலையை முடித்துவிட்டது. வண்டிக்கு அப்புறம் வருகிறேன். முதலில் அந்த 28,000 ரேண்ட் எங்கே போனது என்று பார்த்துவிடுவோம்.

அவர் மனதில் போட்ட கணக்கு இப்படி இருந்திருக்கும். பெயிண்ட் 9,400, கையாட்களுக்கு 7 நாள் கூலி 5,600, வண்டிக்கு 1,750. தன் கூலியை நாளுக்கு 700 என்று வைத்தால் 4,900. மொத்தம் 21,650. மிச்சம் 6,350 லாபம். மோசமில்லாத கணக்குதான்.

நடந்ததோ வேறு. 13 நாளுக்குக் கையாட்கள் 10,400, வண்டி 3,250, பெயிண்ட் 9,400, கூடுதல் சாமான் 2,900. அவர் கைக்கு ஒரு காசு வருவதற்கு முன்பே 25,950 போய்விட்டது. மிஞ்சியது 2,050. அதை 13 நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு 158 ரேண்ட் கூட இல்லை. 2025 மார்ச்சில் தென்னாப்பிரிக்காவின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 28.79 ரேண்ட் என்று ஆனது. எட்டு மணி நேரத்துக்கு 230 ரேண்ட். தன் கையாட்களுக்கு ஒழுங்காக 400 கொடுத்துவிட்டு, முதலாளியான அவர் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வேலை செய்திருக்கிறார். அவருடைய 700 ரேண்டையும் செலவாக எழுதினால் அந்த வேலையில் 7,050 நஷ்டம்.

நினைத்த லாபத்துக்கும் வந்த நஷ்டத்துக்கும் நடுவே 13,400 ரேண்ட் இருக்கிறது. ஆறு நாள் கூடுதல் கூலி, ஆறு நாள் வண்டி, அந்த 2,900 சாமான், எல்லாம் சேர்ந்து சரியாக அவ்வளவுதான். அந்த ஆறு நாளில் அவர் பெயிண்ட் அடித்திருக்க மாட்டார். சுரண்டியிருப்பார், கழுவியிருப்பார், விரிசலை வெட்டி அடைத்திருப்பார், உப்புத்தாள் போட்டிருப்பார். சுவரைத் தயார் செய்த கூலி முழுவதையும் அந்த வீட்டின் சொந்தக்காரருக்கு இலவசமாகக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். உங்கள் பணம் நிற்காததற்குக் காரணம் இதுதான். வண்டி வாடகை இதில் சின்னப் பங்கு.

நம் பக்கத்தில் பெயிண்ட் வேலை என்றாலே எத்தனை கோட், என்ன நிறம், எந்த பிராண்ட் என்றுதான் பேச்சு நடக்கிறது. வாடிக்கையாளரும் அதைத்தான் கேட்கிறார், பெயிண்டரும் அதற்குத்தான் விலை சொல்கிறார். ஆனால் பழைய சுவரை மறுபடி அடிக்கிற வேலையில் பாதி நாளை, சில வீடுகளில் பாதிக்கு மேலேயும், தயாரிப்புதான் தின்னும். ஆகவே விலை சொல்லும் முன் சுவரைச் சோதிக்க வேண்டும். அதற்கு ஒரு மணி நேரமும் கொஞ்சம் டேப்பும் போதும்.

உள்ளங்கையைச் சுவரில் அழுத்தித் தேய்க்கச் சொல்லுங்கள். கையில் வெள்ளையாக மாவு ஒட்டினால், பழைய பெயிண்ட் வெயிலில் வெந்து பொடியாகிவிட்டது என்று அர்த்தம். அதன்மேல் எவ்வளவு விலை உயர்ந்த பெயிண்ட் அடித்தாலும் அது சுவரைப் பிடிக்காது, பொடியைத்தான் பிடிக்கும். நன்றாகக் கழுவிக் காயவிட்டு, பொடியைக் கட்டிப்பிடிக்கும் பிரைமர் ஒரு கோட் போட்டாக வேண்டும். அடுத்தது, பிளேடால் சுவரில் ஒரு பெருக்கல் குறி கீறி, அதன்மேல் டேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுப்பது. டேப்போடு பெயிண்ட் செதில் செதிலாக வந்தால், அந்தச் சுவரை மேலோட்டமாகச் சுரண்டி ஒப்பேற்ற முடியாது. கறுப்பு படிந்த இடத்தில் கொஞ்சம் பிளீச் தொட்டு வைத்தால், வெளுத்தால் பூஞ்சை, வெளுக்காவிட்டால் வெறும் அழுக்கு. பூஞ்சையைக் கொல்லாமல் மூடினால் டர்பன் புழுக்கத்தில் சில மாதத்தில் புதுப் பெயிண்டைத் தாண்டி வெளியே வரும். ப்ளஃப் பக்கம் கடலைப் பார்த்த வீடுகள் என்றால் காற்றில் வந்து படிந்த உப்பை நல்ல தண்ணீரில் கழுவும் வேலையும் சேரும்.

ஓதத்துக்குத் தனிச் சோதனை உண்டு. ஒரு பிளாஸ்டிக் தாளைச் சுவரின் அடிப்பகுதியில் நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விட்டுவிட வேண்டும். சுவரைத் தொட்டிருக்கும் உள்பக்கத்தில் நீர் கோத்திருந்தால் ஓதம் சுவருக்குள் இருக்கிறது. வெளிப்பக்கம் மட்டும் நனைந்திருந்தால் அது சுற்றியுள்ள காற்றின் ஈரம். சுவருக்குள் ஓதம் இருந்தால் அதன் மூலத்தைக் கண்டுபிடிக்காமல் பிரஷைத் தொடக்கூடாது. பெரும்பாலும் உடைந்த மழைநீர்த் தகரம், கசியும் குழாய், இல்லாவிட்டால் பூச்செடிக்காகச் சுவரோரம் உயர்த்திப் போட்ட மண். புதிதாகக் காரை பூசிய சுவர் என்றால் நான்கு வாரமாவது காய வேண்டும், காரத்தைத் தாங்கும் பிரைமர் வேண்டும். அவசரப்பட்டால் உப்புப் பூத்துவிடும்.

இந்தச் சோதனைகளை வீட்டின் சொந்தக்காரரைப் பக்கத்தில் நிற்க வைத்துச் செய்யச் சொல்லுங்கள். தன் கையில் ஒட்டிய வெள்ளை மாவைப் பார்த்தவருக்கு, பிரைமருக்கு ஏன் தனிக் காசு என்று விளக்க வேண்டியிருக்காது.

பிறகு கொட்டேஷனை இரண்டாகப் பிரித்து எழுதட்டும். ஒன்று பெயிண்ட் அடிக்கும் வேலை, நிலையான தொகை. இன்னொன்று சுவர்த் தயாரிப்பு, அளவுக்கு ஏற்ற விலை: கழுவிப் பிரைமர் போடச் சதுர மீட்டருக்கு இவ்வளவு, விரிசல் வெட்டி அடைக்க மீட்டருக்கு இவ்வளவு. கடைசி வேலையின் கூடுதல் தயாரிப்புச் செலவு 13,400 ரேண்டை 200 சதுர மீட்டரால் வகுத்தால் சதுர மீட்டருக்கு 67 ரேண்ட் வருகிறது. இது அந்த ஒரு சுவரின் கணக்கு, அடக்க விலை, லாபம் சேராதது. இனி எடுக்கும் ஒவ்வொரு வேலையிலும் தயாரிப்புக்கு எத்தனை நாள், பெயிண்டுக்கு எத்தனை நாள் என்று நீங்கள் ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். ஐந்தாறு வீடு முடிந்ததும் உங்களுக்கென்று நம்பகமான ஒரு விலைப்பட்டியல் கையில் இருக்கும்.

சட்டமும் இதைத்தான் கேட்கிறது. 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பழுதுபார்ப்பு, பராமரிப்பு வேலைகளில் கொடுத்த மதிப்பீட்டுக்கு மேல் காசு வாங்க வேண்டுமானால், வேலையைத் தொடரும் முன்பே கூடுதல் செலவைச் சொல்லி வாடிக்கையாளரின் சம்மதம் பெற வேண்டும். எல்லாம் முடித்த பிறகு "நிறைய இழுத்துவிட்டது, கொஞ்சம் சேர்த்துக் கொடுங்கள்" என்று கேட்பதற்கு வலுவில்லை. ஒரு வாட்ஸ்அப் செய்தியும் இரண்டு போட்டோவும் அனுப்பி "சரி" என்று பதில் வாங்கிவிட்டு உப்புத்தாளை எடுக்கட்டும்.

பணம் வாங்கும் முறையையும் மாற்ற வேண்டும். சாமான் வாங்கும் அளவுக்கு அட்வான்ஸ். தயாரிப்பு முடிந்த அன்று, முதல் கோட் போடும் முன், அந்தப் பகுதியின் தொகை முழுவதும். மீதி கடைசி நாளில். சுரண்டிய சுவரைப் பார்க்கும்போது வேலை எவ்வளவு நடந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியும். பெயிண்ட் ஏறிவிட்டால் அந்த உழைப்பு கண்ணுக்குத் தெரியாது.

இப்படி விலை சொன்னால் சில வேலைகள் கைவிட்டுப் போகும். மழையில் உரியப்போகிற வேலையை 28,000க்கு எடுக்க வேறொருவர் வருவார். போகட்டும். 7,050 நஷ்டம் தரும் வேலை போனால் அந்த 13 நாள் உங்களுக்கு மிச்சம்.

ஒரு விஷயத்தில் மட்டும் விலையே பேச வேண்டாம். சாட்ஸ்வர்த், பீனிக்ஸ் பழைய வீடுகள் பலவற்றின் கூரை ஆஸ்பெஸ்டாஸ். அதைக் கம்பிப் பிரஷ்ஷால் தேய்ப்பதும், பிரஷர் தண்ணீர் அடித்துக் கழுவுவதும் அதன் நார்களைக் காற்றில் கிளப்பி நுரையீரலுக்குள் அனுப்பும். 2020இல் வந்த ஆஸ்பெஸ்டாஸ் விதிமுறைகள் இந்த வேலையைக் கட்டுப்படுத்துகின்றன. "சுவரோடு கூரையையும் கழுவிக் கொடுங்கள்" என்று யார் கேட்டாலும், எவ்வளவு கொடுத்தாலும், மறுத்துவிட வேண்டும். பழைய கதவு, ஜன்னல் சட்டங்களில் ஈயம் கலந்த பெயிண்ட் இருக்கலாம். நனைத்துத்தான் தேய்க்க வேண்டும், முகமூடி வேண்டும். அந்தத் தூசி வேலை உடுப்போடு உங்கள் வீட்டுக்கும் வரும், பிள்ளைகள் இருக்கிற இடத்துக்கு.

இனி வண்டி. மாதம் 18 நாள் வேலை என்று வைத்தால் வாடகை 4,500. 1,80,000 ரேண்டை 10.5 சதவீத வட்டியில் ஐந்து வருஷத்தில் அடைத்தால் தவணை மாதம் சுமார் 3,870. பெட்ரோல், இன்சூரன்ஸ், டயர், சர்வீஸ் சேர்ந்தால் 4,500ஐத் தாண்டிவிடும். இன்சூரன்ஸ் எடுக்கும்போது தொழிலுக்கு ஓடும் வண்டி என்று சொல்லியே எடுக்க வேண்டும், அதற்குப் பிரீமியமும் கூடுதல். மழை நாளில் வாடகை வண்டிக்குக் காசு கொடுக்க வேண்டாம். டிசம்பர் நடுவில் இருந்து ஜனவரி தொடக்கம் வரை கட்டடத் தொழிலே விடுமுறையில் இருக்கும்போதும் வேண்டாம். தவணைக்கு விடுமுறை கிடையாது.

வீட்டுக் கடனில் எடுத்தால் தவணை சின்னதாகத் தெரியும், மாதம் 1,900 போல. 17 வருஷம் கட்டினால் மொத்தம் ஏறக்குறைய 3,87,000 ஆகிவிடும். ஐந்து வருஷத்தில் முடித்தால் சுமார் 2,32,000. பழைய பக்கி அத்தனை வருஷம் ஓடாது. வண்டி பழைய இரும்புக்குப் போன பிறகும் அதற்காக உங்கள் வீடு அடமானத்தில் இருக்கும். என் பதில்: இப்போது எடுக்க வேண்டாம். அந்த 1,80,000 கணக்கிலேயே இருக்கட்டும். இருக்கும் வரை வீட்டுக் கடன் வட்டியைக் குறைத்துக்கொண்டே இருக்கும். ஒரு வருஷம் புதுக் கொட்டேஷன் முறையில் ஓட்டிப் பாருங்கள். வெளிச்சுவர் வேலைகளை மே முதல் ஆகஸ்ட் வரையான வறண்ட மாதங்களுக்குத் தள்ளி, அதற்குப் பேசும்போதே சின்னத் தள்ளுபடி கொடுக்கலாம். தீபாவளிக்கு முன் எல்லோரும் ஒரே சமயத்தில் கூப்பிடுவார்கள், மழையும் அப்போதுதான் தொடங்கும். அந்த நேரத்துக்கு உள்சுவர் வேலைகளை வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வேலையின் லாபத்திலும் ஒரு பங்கை டிசம்பர் விடுமுறைக்கும் ஜனவரிப் பள்ளிச் செலவுக்கும், இன்னொரு பங்கை ஆகஸ்ட், பிப்ரவரி கடைசியில் முன்கூட்டியே கட்டும் வருமான வரிக்கும் தனியாக ஒதுக்குங்கள். அதற்குப் பிறகும் வாடகை வண்டி கிடைக்காமல் வேலை கெடுகிறது என்றால் வண்டி வாங்கலாம், ஐந்து வருஷத்துக்குள் அடைக்கும் திட்டத்தோடு.

கையாட்களை யூஐஎஃப் என்ற வேலையின்மைக் காப்பீட்டு நிதியில் பதிவு செய்திருக்கிறீர்களா? மாதம் 24 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்கிறவர்களுக்கு அது கட்டாயம்: அவர்கள் சம்பளத்தில் 1 சதவீதம், உங்கள் பங்கு 1 சதவீதம். வேலையில் காயம்பட்டால் ஈடு தரும் நிதியிலும் பதிய வேண்டும். ஏணியில் இருந்து ஒருவர் விழுந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். அந்தப் பதிவுக்குக் கிடைக்கும் நற்சான்றுக் கடிதத்தை அடுக்குமாடிக் குடியிருப்பு நிர்வாகங்கள் பெரும்பாலும் கேட்பதால், பெரிய வேலைகளுக்கும் அது வழி திறக்கும்.

கடைசியாகப் பீனிக்ஸ் 6,000. விட்டுவிடாதீர்கள். அந்தச் சுவரில் பிளாஸ்டிக் தாள் சோதனையை அந்த வீட்டின் சொந்தக்காரர் முன்னால் செய்யட்டும். குளியலறைக்குப் பின்பக்கம் மட்டும் கொப்பளித்திருப்பதால் குழாய்க் கசிவாக இருக்க வாய்ப்பு அதிகம். உள்பக்கம் நனைந்திருந்தால் போட்டோ எடுத்து, பிளம்பரைக் கூப்பிட வேண்டும் என்று எழுதிக் கொடுத்து, பாக்கியைக் கேளுங்கள். தாள் காய்ந்திருந்தால் கொப்புளம் நம் தயாரிப்புக் குறை. அந்த ஒரு சுவரைச் சுரண்டிச் சரியாக அடித்துக் கொடுத்துவிட்டுப் பணத்தை வாங்கட்டும். இரண்டுக்கும் ஒத்துவரவில்லை என்றால் 14 நாள் அவகாசம் கொடுத்துக் கடிதம் எழுதி, சிறு கோரிக்கை நீதிமன்றத்துக்குப் போகலாம். 20,000 ரேண்ட் வரையான வழக்குகளை அங்கே வக்கீல் இல்லாமல் நீங்களே நடத்தலாம். தனிநபர் மட்டுமே அங்கே வழக்குப் போட முடியும், கம்பெனி போட முடியாது. உங்கள் வீட்டுக்காரர் தன் பெயரில் தொழில் செய்கிறவரானால் இது உங்களுக்குச் சாதகம். இப்படிப்பட்ட பாக்கி மூன்று வருஷத்தில் காலாவதியாகிவிடும், அதனால் இந்த மாதமே அந்தச் சுவரைப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள்.