இறக்கை விரிசல் பயம்: ஏஜென்ட் கேட்கும் 6,500 ரூபாயைக் கொடுக்கலாமா?

புதுக்கோட்டையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "68 வயதாகும் என் அம்மா அடுத்த மாதம் திருச்சியிலிருந்து துபாயில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போகிறார். டிக்கெட்டில் போயிங் 737-800 என்று போட்டிருக்கிறது. அந்த ரக விமானத்தில் இறக்கை விரிசல் விடுகிறது என்று வாட்ஸ்அப்பில் வீடியோ வந்ததிலிருந்து வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை. எங்கள் டிராவல் ஏஜென்ட், இன்னும் 6,500 ரூபாய் கொடுத்தால் புது விமானத்துக்கு மாற்றி, இறக்கையைச் சோதித்த சர்டிபிகேட்டும் வாங்கித் தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா? அந்த சர்டிபிகேட்டை நாமே விமான நிறுவனத்திடம் கேட்டு வாங்க முடியாதா?"

கொடுக்காதீர்கள். பயணிக்கு என்று அப்படி ஒரு சர்டிபிகேட் இந்த உலகத்தில் எங்கேயும் கிடையாது. முப்பது வருஷம் விமானம் பழுதுபார்க்கும் ஹேங்கரில் டார்ச்சும் கண்ணாடியும் வைத்துக்கொண்டு இறக்கைக்குள் தலையை விட்டுப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், சோதனை முடிந்ததும் லைசென்ஸ் உள்ள பொறியாளர் கையெழுத்துப் போடுவது விமானத்தின் லாக் புத்தகத்திலும் பராமரிப்புப் பதிவுகளிலும்தான். அதை டிக்கெட் ஏஜென்ட் பார்க்கவே முடியாது. எனக்குத் தெரிந்த ஒருவருக்கு இப்படி ஒரு பி.டி.எஃப் வந்தது, என்னிடம் காட்டினார். முத்திரை, கையெழுத்து எல்லாம் ஜோராக இருந்தது. பார்த்தால் அது இணையத்தில் கிடந்த வேறொரு விமானத்தின் பறக்கும் தகுதிச் சான்றிதழ், அதுவும் அவர் போகிற ரகமே இல்லை. அதற்கு அவர் கொடுத்த பணம் போனது போனதுதான்.

சரி, விரிசல் விஷயத்துக்கு வருவோம். வீடியோவில் சொன்னது முழுப் பொய் இல்லை, பாதிதான் பொய். 2019-ல் நடந்தது இது. ஒரு பழைய 737-ஐச் சரக்கு விமானமாக மாற்றுவதற்காகப் பிரித்தபோது, இறக்கையை உடம்போடு பிடித்துவைத்திருக்கும் ஒரு பாகத்தில் விரிசல் தெரிந்தது. அந்தப் பாகத்துக்கு 'பிக்கிள் ஃபோர்க்' என்று பெயர், ஊறுகாய் எடுக்கும் முள்கரண்டி மாதிரி இருப்பதால். (நம் வீட்டில் ஊறுகாய்க்கு ஸ்பூன்தான், முள்கரண்டியில் எடுத்து யாரையும் பார்த்ததில்லை.) அதாவது, விரிசல் வெளியே தெரியும் இறக்கைத் தகட்டில் இல்லை. தூக்குவாளியின் கைப்பிடி மாட்டியிருக்கும் காது இருக்கிறதே, அது மாதிரி ஒரு இடத்தில், பேனலைக் கழற்றினால்தான் கண்ணில் படும்.

தூக்குவாளி உதாரணத்தை விட்டுவிடாதீர்கள், மற்றதெல்லாம் அதில்தான் இருக்கிறது. அந்தக் காது எத்தனை வருஷப் பழசு என்று யாரும் பார்ப்பதில்லை, எத்தனை தடவை பாலை ஊற்றித் தூக்கினோம் என்பதில்தான் அது தேய்கிறது. விமானத்துக்கும் அதே. ஒரு தடவை ஏறி இறங்கினால் அதை ஒரு சைக்கிள் என்போம். பிக்கிள் ஃபோர்க் 90,000 சைக்கிள் தாங்கும் என்று வடிவமைத்தது, 30,000 பக்கத்திலேயே விரிசல் விட்டதால்தான் அவ்வளவு பரபரப்பு. அமெரிக்காவின் விமானக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.ஏ.ஏ. உடனே உத்தரவு போட்டது: 30,000 சைக்கிளைத் தாண்டிய விமானங்களை 7 நாளுக்குள் சோதிக்க வேண்டும், 22,600-ஐத் தாண்டியவற்றை அடுத்த 1,000 சைக்கிளுக்குள் சோதிக்க வேண்டும், அதன்பின் 3,500 சைக்கிளுக்கு ஒரு தடவை திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும், விரிசல் கண்டால் சரிசெய்யாமல் பறக்கக் கூடாது. முதல் சுற்றில் உலகம் முழுக்க 810 விமானங்களைப் பார்த்ததில் 38-ல் விரிசல் இருந்தது. இதனால் விழுந்த விமானம் ஒன்றுகூட இல்லை. வீடியோ போட்டவர் இந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் மறந்துவிட்டார்.

உங்கள் அம்மாவின் விமானத்துக்கு இது எப்படிப் பொருந்தும்? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். துபாய்க்குப் போக நாலு மணி நேரம். இந்த மாதிரி ஓட்டத்தில் உள்ள விமானம் ஒரு நாளைக்கு மூன்று தடவை ஏறி இறங்கினால் அதிகம், பழுதுபார்க்க நிற்கும் நாட்களைக் கழித்தால் வருஷத்துக்கு ஆயிரம் சைக்கிள் சொச்சம். பதினைந்து வருஷப் பழசாக இருந்தாலும் 22,600-ஐத் தொட்டிருக்காது. அதே ரக விமானம் சென்னை, பெங்களூர், ஹைதராபாத் என்று குட்டிக் குட்டி ஓட்டம் ஓடி, ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை இறங்கினால் ஒன்பதே வருஷத்தில் அந்த எண்ணிக்கைக்கு வந்துவிடும். நடுவில் ஒரே விமானம் இரண்டு வேலையும் பார்க்கும் என்பதால் இது தோராயக் கணக்குதான். ஆனால் 'புது விமானம்' என்று ஏஜென்ட் சொல்வது எதற்கும் அளவுகோல் இல்லை என்பதற்கு இது போதும்.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு, அதைச் சொல்லாவிட்டால் எனக்கே உறுத்தும். ஓடாமல் நிற்கும் விமானத்துக்கு விரிசல் வராது என்று நினைத்துவிடாதீர்கள். ஏர்பஸ் ஏ380-ஐ எடுத்துக்கொள்ளுங்கள், துபாய் போனால் விமான நிலையத்தில் வரிசையாகப் பார்க்கலாம், இரண்டு மாடி விமானம். அதில் இரண்டு கதை. முதல் கதை, 2010 நவம்பரில் சிங்கப்பூரிலிருந்து கிளம்பிய குவாண்டாஸ் ஏ380-ன் எஞ்சின் வெடித்து, இறக்கையைப் பழுதுபார்க்கப் பிரித்தபோது, இறக்கையின் விலா எலும்புகளைத் தகட்டோடு இணைக்கும் சின்னச் சின்ன 'எல்' வடிவத் துண்டுகளில் விரிசல் கிடைத்தது. விமானத்துக்கு ஆயிரக்கணக்கில் அந்தத் துண்டுகள் இருக்கும். 2012 ஜனவரியில் ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமை முதலில் 20 விமானங்களைப் பார்க்கச் சொன்னது, மூன்று வாரம் கழித்து அப்போது ஓடிய 68-ஐயும் பார்க்கச் சொன்னது, கண்ணால் பார்த்தால் போதாது, எடி கரண்ட் கருவியால் பார் என்றது. (மின்சுருளை உலோகத்தின் மேல் நகர்த்திக்கொண்டே போவோம், விரிசல் குறுக்கிட்டால் திரையில் கோடு துள்ளும். கண்ணுக்குத் தெரியாத மயிரிழைகூடச் சிக்கும்.) அந்த விரிசலுக்கு உலோகக் கலவையும், தொழிற்சாலையில் இணைத்தபோது உள்ளே இறுகிப்போன அழுத்தமும் காரணம்.

இரண்டாவது கதைதான் நான் சொல்ல வந்தது. 2019-ல் அதே ஏ380-ன் இறக்கையில், நீளவாட்டில் ஓடும் பின்பக்க நெடுஞ்சட்டத்தில் விரிசல். இந்தத் தடவை முதலில் பார்க்கச் சொன்னது மிகப் பழைய 25 விமானங்களை, காலக்கெடுவையும் சைக்கிளில் வைக்கவில்லை, இறக்கைப் பெட்டியை, அதாவது இறக்கையின் உள் சட்டகத்தை, தொழிற்சாலையில் இணைத்த தேதியிலிருந்து இத்தனை வருஷம் என்று காலண்டரில் வைத்தார்கள். ஏன்? துத்தநாகம் சேர்ந்த வலுவான அலுமினியக் கலவைகள் சிலவற்றில், உள்ளே இழுவிசை நிரந்தரமாக நின்று, ஈரமும் சேர்ந்தால், விமானம் பறக்காமலேயே விரிசல் மெல்ல வளரும். தூக்குவாளியை யாரும் தொடவேயில்லை, ஆனால் காதைக் கோணலாக வைத்து ஆணியை அடித்திருக்கிறார்கள், அது பாட்டுக்குப் பரணிலேயே விட்டுப்போகிறது, அந்த மாதிரி. கொரோனாவில் வருஷக்கணக்கில் நிறுத்தி வைத்தபோது இந்தக் கவலை இன்னும் கூடி, கெடுவையும் சுருக்கினார்கள். ஆகவே 'குறைவாக ஓடிய விமானம்' என்று யாராவது விற்றால் அதையும் நம்பாதீர்கள். இந்த ஒன்றைத்தான் எங்கள் ஆட்களே மறந்துவிடுவார்கள். மற்ற விதிவிலக்குகள், சிறு விரிசலோடு அளவு பார்த்துப் பறக்க விடுவது, கார்பன் இழை இறக்கை, குத்தகை விமானம், இதெல்லாம் உங்களுக்கு வேண்டாம். 737-ன் புது ரகமான மேக்ஸ் வந்து நின்றால் பிக்கிள் ஃபோர்க் பிரச்சினையே அதற்கு இல்லை, அவ்வளவு போதும்.

இனி புது விமானத்துக்கு மாற்றித் தருகிறேன் என்பதைப் பற்றி. எந்தப் பதிவெண் கொண்ட விமானம் எந்த ஊருக்குப் போகும் என்பதை விமான நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறை பெரும்பாலும் முந்தின நாள்தான் முடிவு செய்யும், காலையில் டயர் பஞ்சர் என்றால் அதையும் மாற்றும். அடுத்த மாதத்து விமானத்தை ஏஜென்ட் இன்றைக்கே எப்படி உறுதி செய்வார்? டிக்கெட்டின் விதிமுறையிலேயே விமானத்தை மாற்றும் உரிமை நிறுவனத்துக்கு என்று எழுதியிருக்கும், மாறிவிட்டது என்பதற்காக மட்டும் பொதுவாகப் பணம் திரும்ப வராது. நீங்கள் கொடுக்கும் 6,500 ரூபாய், ஏதோ ஒரு ஊரில் ஆறு மணி நேரம் காத்திருந்து மாறுகிற டிக்கெட்டுக்குப் போகும். 68 வயது அம்மாவுக்கு விரிசலைவிட அதுதான் தொந்தரவு. தவிர, அப்படி மாறினால் ஒரு ஏற்ற இறக்கம் இரண்டாகும், அதையும் யோசியுங்கள்.

இடைத்தரகர் என்றால் எனக்கு ஏன் இவ்வளவு கடுப்பு என்று கேட்பீர்கள். உங்கள் ஏஜென்ட் சில்லறை, மொத்த வியாபாரிகள் எங்கள் பக்கம் இருக்கிறார்கள். உதிரிபாகத் தரகர்கள். ஒவ்வொரு பாகத்தோடும் ஒரு சான்றுத் தாள் வர வேண்டும், அமெரிக்காவில் 8130-3, ஐரோப்பாவில் ஃபார்ம் 1, நம்மூரில் சி.ஏ. ஃபார்ம் 1. அந்தத் தாள் பொய்யானால் எந்த இறக்கைச் சோதனையும் காப்பாற்றாது. 1989 செப்டம்பரில் பார்ட்நேர் என்ற நார்வே நிறுவனத்தின் கான்வேர் 580 விமானம் ஓஸ்லோவிலிருந்து ஹாம்பர்க் போகும் வழியில் டென்மார்க் பக்கம் கடலில் விழுந்து 55 பேரும் இறந்தார்கள், வால் பகுதியைப் பிடித்திருந்த போல்ட்டுகளில் போலி கலந்திருந்தது விசாரணையில் வந்தது. பழைய கதை என்று தள்ள முடியாது. 2023-ல் ஏ.ஓ.ஜி. டெக்னிக்ஸ் என்ற லண்டன் வியாபாரி கொடுத்த பாகங்களின் தாள்கள் போலி என்று போர்ச்சுகலின் டாப் விமான நிறுவனத்தின் பொறியாளர்கள் சந்தேகப்பட்டுக் கண்டுபிடித்தார்கள், அவை போனது 737-களும் ஏ320-களும் பயன்படுத்தும் சி.எஃப்.எம்.56 எஞ்சினுக்கு. நானே ஒரு வேலையில் இருந்தபோது ஒரு தரகர் பாதி விலைக்கு ஒரு பிராக்கெட் கொண்டுவந்தார். தாளில் இருந்த வரிசை எண்ணும் உலோகத்தில் பொறித்திருந்த எண்ணும் ஒரே ஒரு இலக்கத்தில் மாறியிருந்தன. "டைப்பிங் மிஸ்டேக் சார்" என்றார். திருப்பி அனுப்பியதற்கு என்னைத்தான் மேலிடம் விசாரித்தது, விமானம் இரண்டு நாள் தாமதமாகிவிட்டதாம்!

இன்னொரு எரிச்சல். மேலே சொன்ன சோதனை உத்தரவுகளை நாங்கள் ஏ.டி. என்போம், எஃப்.ஏ.ஏ.வும் ஐரோப்பிய முகமையும் தங்கள் தளத்தில் இலவசமாகவே போடுகின்றன, யார் வேண்டுமானாலும் படிக்கலாம். ஆனால் அது எழுதியிருக்கும் விதத்தில், பத்து வருஷ அனுபவம் உள்ள பொறியாளரே இரண்டு தடவை படித்தால்தான் தலைகால் புரியும். விமானம் எந்த நாட்டு வடிவமைப்போ அந்த நாட்டின் ஏ.டி. இங்கும் கட்டாயம், நம் நாட்டு விமானக் கட்டுப்பாட்டு அமைப்பான டி.ஜி.சி.ஏ. அதை நிறுவனங்களிடம் கேட்டுத்தான் வாங்குகிறது. செய்கிறார்கள், செய்யவில்லை என்று சொல்லவில்லை. அதை ஒரு பக்கத்தில், இந்தப் பதிவெண்ணுக்கு இந்தச் சோதனை இந்தத் தேதியில் முடிந்தது என்று ஜனங்கள் பார்க்கும்படி போட்டால் என்ன குறைந்துவிடும்? ஒரு கூட்டத்தில் இதை எழுந்து கேட்டேன். மக்கள் பீதியடைவார்கள் என்று பதில் வந்தது. மக்கள் ஏற்கெனவே வாட்ஸ்அப்பில் பீதியடைந்து ஏஜென்டுக்கு 6,500 கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

நீங்கள் செய்யக்கூடியது கொஞ்சம்தான். பயணத்தன்று காலையில் விமானம் எங்கே வருகிறது என்று காட்டும் செயலிகள் ஏதாவது ஒன்றில் பாருங்கள், வி.டி. என்று தொடங்கும் பதிவெண்ணும், பெரும்பாலும் அது முதலில் பறந்த வருஷமும் கிடைக்கும். அதை வைத்து நீங்கள் எதையும் மாற்ற முடியாது, ஆனால் ஏஜென்ட் புதுசு என்று எதைச் சொன்னார் என்பது தெரிந்துவிடும். ஜன்னல் வழியாக இறக்கையில் வெள்ளி நிற டேப் ஒட்டியிருப்பதைப் பார்த்துப் படம் எடுத்து அனுப்புவார்கள், அது விரிசலை மறைக்க ஒட்டியது இல்லை, பெயின்ட் உரிந்த இடத்தை மூடும் அனுமதி பெற்ற அலுமினிய டேப். போயிங் 787-களில் வெயிலுக்குப் பெயின்ட் உரிவதால் அடிக்கடி பார்க்கலாம். பேனல்களுக்கு நடுவே கறுப்பாக ஓடும் கோடு சீலன்ட், இடைவெளியை அடைக்கும் பசை. ஆனால் ஆணி இல்லாத ஓட்டை, தொங்கும் தகடு, எரிபொருள் ஒழுகுவது இப்படி ஏதாவது கண்ணில் பட்டால் கூச்சப்படாமல், விமானம் நகர்வதற்கு முன் பணிப்பெண்ணிடம் சொல்லிவிட வேண்டும். 2024 ஜனவரியில் மான்செஸ்டரில் ஒரு பயணி ஏ330-ன் இறக்கைப் பேனலில் நாலு ஆணி இல்லாததைக் காட்டினார், அந்த நியூயார்க் விமானத்தையே ரத்து செய்தார்கள். அந்த நாலு இல்லாமலும் ஆபத்தில்லை என்றுதான் ஏர்பஸ் சொன்னது, இருந்தாலும் அவர் சொன்னது சரி.

அம்மாவுக்கு இறக்கைக்குப் பக்கத்து வரிசையில் சீட் போடுங்கள், ஆட்டம் அங்கேதான் குறைவு. மேகத்துக்குள் போகும்போது இறக்கை நுனி மேலும் கீழும் ஆடும், பயந்துவிடப் போகிறார், முன்னாடியே சொல்லிவையுங்கள். தரையில் சோதிக்கும்போது இந்த இறக்கைகளை, வாழ்நாளில் சந்திக்கக்கூடிய உச்ச பாரத்தைப் போல ஒன்றரை மடங்கு இழுத்து வளைத்துப் பார்க்கிறார்கள், 2010-ல் 787-ன் இறக்கை நுனி அந்தச் சோதனையில் ஏழு மீட்டருக்கு மேல் உயர்ந்தது. ஜன்னலில் அவர் பார்க்கப்போகும் ஆட்டம் அதற்குப் பக்கத்திலேயே வராது.